ஹோலி: விரஜபூமியின் வண்ணத் திருவிழா குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹோலியைத் தமிழர்களாகிய நாம் பெரும்பாலும் திரைப்படப் பாடல்களிலும், மறுநாள் செய்தித்தாளில் வரும் முகமெல்லாம் பொடி அப்பிய படங்களிலும்தான் பார்த்திருக்கிறோம். அந்தப் படங்கள் காட்டுவது விழாவின் கடைசி அரை நாளை மட்டுமே. கண்ணன் ஆடிப்பாடி வளர்ந்த மண்ணாகப் போற்றப்படும் விரஜபூமியில், அதாவது உத்தரப் பிரதேசத்தின் மதுராவிலும் அதைச் சுற்றியுள்ள பிருந்தாவனம், கோகுலம், கோவர்த்தனம், பர்சானா, நந்த்காவ் ஆகிய ஊர்களிலும் இவ்விழா எப்படி நடக்கிறது என்பதை நடுவில் வைத்து, பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

ஹோலி ஒரே நாளில் முடிந்துவிடும் விழாதானே?

நாட்காட்டியில் அப்படித்தான் தெரியும். ஆனால் விரஜபூமியில் இது நாற்பது நாள் விழா. தை அமாவாசைக்குப் பின் வரும் வளர்பிறை ஐந்தாம் நாளான வசந்த பஞ்சமியன்று, ஊர்ச் சந்திகளில் ஹோலிக்கான கம்பம் நடப்படுகிறது. அன்றே கோயில்களில் சுவாமியின் கன்னத்தில் குலால் எனப்படும் வண்ணப்பொடி பூசப்பட்டு, அதே பொடி கூடியிருக்கும் அடியவர்கள் மீதும் தூவப்படுகிறது. அன்று தொடங்கும் ஹோலிப் பாடல்கள் ஒவ்வொரு நாளும் ஒலித்து, நாள் செல்லச் செல்ல வேகம் கூடி, பௌர்ணமியை நெருங்கும்போது தெருவுக்கு வந்துவிடுகின்றன. காப்புக் கட்டிய நாளிலிருந்து தேரோட்டம் வரை நம் ஊரில் ஒரு பரபரப்பு மெல்ல ஏறுமே, அதைப் போன்றது இது. தேரோட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருவிழாவைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது அல்லவா?

ஆண்டுதோறும் தேதி ஏன் மாறுகிறது?

பால்குன மாதத்துப் பௌர்ணமியை வைத்து ஹோலி கணக்கிடப்படுகிறது. பௌர்ணமி மாலை நெருப்பு மூட்டுவர். மறுநாள் காலை வண்ணம். இந்த மறுநாளுக்குத் துலேண்டி என்று பெயர். 2023இல் மார்ச் 8, 2024இல் மார்ச் 25, 2025இல் மார்ச் 14 என்று துலேண்டி வந்தது. 2023ஆம் ஆண்டில் அதிக மாதம் எனப்படும் கூடுதல் சந்திர மாதம் ஒன்று சேர்ந்ததால்தான் 2024இல் அவ்வளவு தள்ளிப்போயிற்று. நம்முடைய சூரிய நாட்காட்டியில் இது மாசிக் கடைசியிலோ பங்குனியிலோ விழும்.

வட இந்தியாவில் மாதம் பௌர்ணமியோடு முடிகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். எனவே ஹோலி நெருப்பு எரியும் இரவு பால்குன மாதத்தின் கடைசி இரவு. வண்ணம் பூசிக்கொள்ளும் காலை, அவர்கள் கணக்கில் அடுத்த மாதமான சைத்திரத்தின் முதல் காலை. பழைய மாதத்தை எரித்துவிட்டுப் புதிய மாதத்துக்குள் நிறத்தோடு நுழைகிறார்கள்.

ஹோலிகா என்பவர் யார்?

இரணியனின் தங்கை. தந்தையின் பெயரைச் சொல்ல மறுத்து நாராயணன் பெயரையே சொன்ன பிரகலாதனைக் கொல்ல இரணியன் பல வழிகளில் முயன்றான். தீயால் தீங்கு நேராத வரம் பெற்ற ஹோலிகா, சிறுவனை மடியில் வைத்துக்கொண்டு எரியும் சிதையில் அமர்ந்தாள். அவள் சாம்பலானாள், பிள்ளை பிழைத்தான். தமிழ்நாட்டில் பிரகலாதன் கதையைச் சொல்பவர்கள் தூணையும் நரசிம்மரையும் நோக்கி விரைந்துவிடுவதால், இந்த அத்தை நம் கதைகளில் அதிகம் வருவதில்லை. வடக்கே அவள் பெயராலேயே விழா வழங்குகிறது.

மதுரா மாவட்டத்தில் பாலேன் என்றொரு சிற்றூர் உண்டு. பல நாள் விரதமிருந்த பூசாரி ஒருவர், ஹோலிகா நெருப்பின் நடுவே ஓடி வெளியே வருவது அங்கு வழக்கம். நம் ஊர்த் தீமிதியில் தணல் பரப்பப்பட்டிருக்கும். இங்கோ சுவாலை ஆள் உயரத்துக்கு மேல் எழும்பிக்கொண்டிருக்கும்.

அந்த நெருப்பில் எதை எரிக்கிறார்கள்?

விறகும் சுள்ளியும் மட்டுமல்ல. விழாவுக்குப் பல நாட்கள் முன்பிருந்தே பெண்கள் பசுஞ்சாணத்தைச் சிறு வில்லைகளாகத் தட்டி, ஈரம் காயுமுன் விரலால் நடுவில் துளையிட்டு வெயிலில் காயவைக்கிறார்கள். காய்ந்தவற்றைக் கயிற்றில் கோத்தால் அது மாலை ஆகிவிடும். அந்த மாலைகளைக் குவியலின் மேல் சாத்தி, மஞ்சளும் குங்குமமும் இட்டு, நூல் சுற்றி வலம் வந்த பிறகே தீ வைக்கப்படுகிறது.

தீ நன்றாகப் பிடித்ததும் ஆண்கள் நீண்ட கழியின் நுனியில் பச்சைக் கோதுமைக் கதிர்களையும் கொண்டைக்கடலைச் செடிகளையும் கட்டி நெருப்பில் வாட்டுவார்கள். பாதி வறுபட்ட அந்தத் தானியத்துக்கு ஹோலா என்று பெயர். உமி கருகி, உள்ளே மணி இன்னும் பாலோடு இருக்கும். உள்ளங்கையில் தேய்த்து ஊதிவிட்டு வாயில் போட்டால் புகையும் இனிப்பும் சேர்ந்த ஒரு சுவை. ரபி எனப்படும் குளிர்காலப் பருவத்தின் விளைச்சல் அறுவடைக்குக் காத்திருக்கும் நேரம் அது. ஹோலியின் பெயரே இந்த ஹோலாவிலிருந்து வந்தது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். பெயர் எப்படி வந்திருந்தாலும், இவ்விழாவின் வேர் வயலில் இருக்கிறது என்பதை அந்தக் கருகிய கதிர் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் இதற்கு இணையான விழா எதுவும் இல்லையா?

இருக்கிறது, ஆனால் வேறு பெயரில். நம்மிடம் அந்த நெருப்பில் எரிபவர் மன்மதன். சிவபெருமான் நெற்றிக்கண்ணைத் திறந்து காமனை எரித்த இடமாக மயிலாடுதுறை அருகிலுள்ள திருக்குறுக்கை போற்றப்படுகிறது. அட்ட வீரட்டானங்களில் அதுவும் ஒன்று. காவிரிப் படுகையின் பல சிற்றூர்களில் மாசி மாத வளர்பிறையில் காமன் நட்டு, ரதி மன்மதன் வேடமிட்டுப் பாடி, பௌர்ணமி வாக்கில் காமனை எரிப்பார்கள். அப்போது ‘எரிந்த கட்சி’, ‘எரியாத கட்சி’ என்று இரு அணியினர் எதிரெதிரே அமர்ந்து, காமன் உண்மையிலேயே எரிந்தானா இல்லையா என்று லாவணி பாடி விடிய விடிய வாதிடுவதுண்டு. லாவணி மராட்டியர் ஆட்சியோடு தஞ்சைக்கு வந்த கலை. இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலும் காமன் கூத்து இன்றுவரை உயிரோடு இருக்கிறது; கடல் கடந்து போன தொழிலாளர்கள் தங்களோடு எடுத்துச் சென்ற விழா அது.

வண்ணம் பூசும் பகுதிக்கு இணை வேண்டுமென்றால், அம்மன் கோயில் திருவிழாவின் இறுதியில் வரும் மஞ்சள் நீராட்டைச் சொல்லலாம். முறைப்பெண்ணும் முறைமாப்பிள்ளையும் ஒருவர் மீது ஒருவர் மஞ்சள் நீரை ஊற்றத் துரத்துவார்கள். ஹோலியிலும் அண்ணிக்கும் கொழுந்தனுக்கும்தான் மற்ற எவரையும்விட அதிக உரிமை. யார் மீது யார் வண்ணம் பூசலாம் என்பதை இரு இடங்களிலும் உறவுமுறையே தீர்மானிக்கிறது.

நெருப்பு பிரகலாதனுக்கு என்றால், வண்ணம் எதற்கு?

விரஜபூமியில் இதற்குச் சொல்லும் விடை மிக எளியது. கார்மேக நிறத்துக் கண்ணன், ராதை மட்டும் ஏன் இத்தனை சிவப்பாக இருக்கிறாள் என்று யசோதையிடம் முறையிட்டானாம். ‘உனக்குப் பிடித்த நிறத்தை அவள் முகத்தில் பூசிவிட்டு வா’ என்று தாய் சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பினாளாம். நிறத்தைக் கண்டு ஏங்கும் ஒரு குழந்தைக்குத் தாய் கண்டுபிடித்த சமாதானம் இது. பூசிய பிறகு கறுப்பு எது, சிவப்பு எது என்று யாராலும் சொல்ல முடியாது. மாநிறத்தையும் கறுப்பையும் குறையாகச் சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்க்கும் நம் வீடுகளை நினைக்கும்போது, இந்தக் கதை எனக்கு விளையாட்டாகத் தோன்றவில்லை.

பழைய காலத்தில் வண்ணங்களை எதிலிருந்து எடுத்தார்கள்?

ஹோலியின் அழகு இன்னதென்று யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது ஒரு மரத்தைத்தான். வடக்கே டேசு அல்லது பலாசு என்றும், தமிழில் புரசு என்றும் வழங்கும் மரம் அது. சென்னையின் புரசைவாக்கம் இந்த மரத்தால் பெயர் பெற்ற ஊர். அங்குள்ள கங்காதரேசுவரர் கோயிலின் தல மரமும் இதுவே. மாசி, பங்குனியில் இலைகளையெல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும் மரம், கிளை முழுவதும் செம்மஞ்சள் பூவாக வெடிக்கும். ஒவ்வொரு பூவும் கிளி மூக்கைப் போல வளைந்திருப்பதால் வடமொழியில் இதற்குக் கிஞ்சுகம், அதாவது ‘கிளியோ?’ என்று பெயர். மணம் கிடையாது. மணமற்ற இந்தப் பூ பூசைத் தட்டில் பெறாத பெருமையை ஹோலித் தொட்டியில் பெறுகிறது.

பூக்களைப் பறித்து உலர்த்தினால் சருகு நிறத்துக்கு மாறி, தூக்கிப் போட வேண்டிய குப்பை போலத் தோன்றும். அவற்றை ஒரு பெரிய அண்டாவில் இட்டு இரவு முழுவதும் ஊறவைத்தோ கொதிக்கவைத்தோ பாருங்கள்: முதலில் நீர் வைக்கோல் நிறம் கொள்ளும், பிறகு எலுமிச்சை மஞ்சள், பிறகு குங்குமப்பூ கரைத்தது போன்ற ஆழ்ந்த செம்மஞ்சள். ஒரு சிட்டிகை சுண்ணாம்பு சேர்த்தால் நிறம் மேலும் அடர்கிறது. துணி வழியே வடித்த அந்தத் தண்ணீரைத்தான் கோயில்களில் பித்தளைப் பீச்சாங்குழல்களில் நிரப்பி அடியவர்கள் மீது பீய்ச்சுகிறார்கள். அது இளஞ்சூடாகவே மேலே விழும். பனிக்காலம் முற்றிலும் நீங்காத காலை நேரத்தில் அந்தச் சூடு இதமாக இருக்கும். வெள்ளைத் துணியில் விழுந்த கறை சில சலவைகளில் வெளிறிவிடும்.

உலர்ந்த பொடிக்கு மஞ்சள்தான் அடிப்படை. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைத்துப் பழகிய நமக்குப் புதிதல்ல. மஞ்சளிலுள்ள நிறப்பொருள் காரத்தில் சிவப்பாக மாறுகிறது. மாவோடு இப்படிக் கலந்து அரைத்தெடுத்த பொடி கன்னத்தில் பட்டால் தூசு போலப் பறந்துவிடும், தோலில் ஒட்டாது.

இப்போது கடைகளில் விற்கும் பொடிகள் பாதுகாப்பானவையா?

எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. மதுராவுக்கு அருகிலுள்ள ஹாத்ரஸ் குலால் தயாரிப்புக்குப் பெயர் பெற்ற ஊர். சோள மாவை அடிப்படையாகக் கொண்டு, உணவுக்குச் சேர்க்கும் சாயத்தைக் கலந்து செய்யப்படும் பொடிகளும் சந்தையில் கிடைக்கின்றன. மறுபக்கம், தொழிற்சாலைச் சாயங்களை அப்படியே கலந்து, பளபளப்புக்கு அபிரகத் (மைக்கா) தூளும் சேர்த்து மலிவாக விற்கப்படும் பொடிகளும் பசைகளும் உள்ளன. காரீயம், தாமிரம், பாதரசம் ஆகியவற்றின் சேர்மங்கள் இத்தகைய வண்ணங்களில் இருப்பதைச் சுற்றுச்சூழல் அமைப்புகள் பல ஆண்டுகளாகச் சுட்டிக்காட்டி வருகின்றன. அபிரகத் துகள் கண்ணின் கருவிழியைக் கீறிவிடும். பச்சை நிறச் சாயங்கள் சில கண்ணுக்குக் கடுமையான எரிச்சலையும் வீக்கத்தையும் உண்டாக்கும்.

கண்ணைப் பறிக்கும் வெள்ளி நிறம், உலோகப் பளபளப்புள்ள கறுப்பு, எண்ணெயில் குழைத்த பசை ஆகிய மூன்றையும் கையால் தொடாமலிருப்பது நல்லது. விளையாடுவதற்கு முன் முகத்திலும் கை கால்களிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். கண்ணுக்குள் அணியும் லென்ஸைக் கழற்றிவிடுங்கள். பொடி கண்ணில் விழுந்தால் தேய்க்காமல் நல்ல தண்ணீரால் கழுவிக்கொண்டே இருங்கள், எரிச்சல் அடங்காவிட்டால் மருத்துவரிடம் செல்லுங்கள். உடலில் பட்ட நிறத்தை நீக்கக் கடலை மாவும் தயிரும் போதும். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ப்பவர்களும் உண்டு, தோல் புண்ணாகிவிடும்.

பர்சானாவில் பெண்கள் ஆண்களைத் தடியால் அடிக்கிறார்களாமே, உண்மையா?

உண்மை. லட்டுமார் ஹோலி என்பது அதன் பெயர்; ‘லட்டு’ என்பது இங்கே தடியைக் குறிக்கும் சொல். பர்சானா ராதையின் ஊர். ஏறக்குறைய எட்டுக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள நந்த்காவ் கண்ணனின் ஊர். பால்குன வளர்பிறை நவமியன்று, கண்ணன் தன் தோழர்களோடு ராதையைச் சீண்ட வந்ததை நினைவுகூர்ந்து, நந்த்காவ் ஆண்கள் மாப்பிள்ளை வீட்டாராக பர்சானாவுக்கு வருகிறார்கள். முந்தைய நாளே பர்சானாவிலிருந்து அழைப்பு போய்விடுகிறது. அழைப்பை ஏற்றுக்கொண்டார்கள் என்ற செய்தி வந்ததும், குன்றின் மேலுள்ள லாட்லிஜி கோயிலில் மகிழ்ச்சி தாங்காமல் தின்னும் லட்டுகளை அள்ளி வீசுகிறார்கள். லட்டு ஹோலி என்று அதற்கே தனிப் பெயர்.

நவமியன்று வரும் ஆண்கள் நேரே ஊருக்குள் நுழைவதில்லை. பீலி போகர் எனப்படும் குளக்கரையில் அமர்ந்து தலைப்பாகையைத் திருத்திக் கட்டுகிறார்கள். அது அழகுக்கான தலைப்பாகை அன்று. அடியைத் தாங்குவதற்காகப் பல சுற்றுத் துணியைத் திணித்துக் கட்டும் கவசம். தோலால் செய்த வட்டக் கேடயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு குன்றேறி, ராதையை வணங்கிப் பாடி, பிறகு ரங்கீலி கலி என்ற குறுகிய தெருவுக்கு இறங்கி வருகிறார்கள். அங்கே முகத்தை முழுவதும் முக்காட்டால் மூடி, பட்டும் சரிகையும் உடுத்திய பெண்கள் ஆளுயரத் தடிகளோடு நிற்கிறார்கள்.

அடி விழத் தொடங்கும்போது ஆண்கள் முழங்காலிட்டுக் குந்தி, கேடயத்தைத் தலைக்கு மேல் கூரை போலப் பிடித்துக்கொள்வார்கள். பெண் தடியை இரு கைகளாலும் ஓங்கி இறக்க, ஆண் தவளை போலத் தத்தித் தத்திப் பின்வாங்குவான். திருப்பி அடிக்க அவனுக்கு உரிமையில்லை; பாடலாம், கேலி செய்யலாம், குலால் தூவலாம், அவ்வளவுதான். மாட்டிக்கொண்டவனுக்குச் சேலை உடுத்தி ஆடவிடுவதும் உண்டு. மேலே மாடிகளிலிருந்து கொட்டும் வண்ணப்பொடியால் தெருவே சிவந்த மேகமாகி, ‘ராதே ராதே’ என்ற குரலும் தடி கேடயத்தில் மோதும் ஓசையும் மட்டுமே கேட்கும். பொழுது சாய்ந்ததும் எல்லாம் நின்றுவிடுகிறது. மறுநாள் தசமியன்று பர்சானா ஆண்கள் நந்த்காவுக்குப் போய் அங்குள்ள பெண்களிடம் அடி வாங்கிக்கொள்கிறார்கள்.

ஆண்டு முழுவதும் முக்காட்டுக்குள் இருக்கும் மருமகள்களுக்குக் கையில் தடியும், ஊரார் முன்னிலையில் ஓங்கும் உரிமையும் கிடைக்கும் நாள் அது. மீதி நாட்களில் அந்த உரிமை எங்கே போகிறது என்று கேட்பவர்களின் கேள்வியும் நியாயமானதே.

வெளியூர்ப் பெண்கள் அங்கே தனியாகச் செல்லலாமா?

தனியாகச் செல்ல வேண்டாம் என்றே சொல்வேன். ஹோலியின் பெயரைச் சொல்லி, விருப்பமில்லாத பெண்களைத் தொடுவதும் நெருக்குவதும் கூட்டத்தில் நடக்கின்றன; வண்ணம் போட்டுவிட்டு ‘ஹோலியில் மனம் நோகக் கூடாது’ என்ற பொருள்படும் இந்திச் சொலவடையைச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்கள். உறவுமுறையின் எல்லைக்குள் பிறந்த விளையாட்டு, முன்பின் தெரியாதவர்கள் நிறைந்த நெரிசலுக்குள் வரும்போது அந்த எல்லையை இழந்துவிடுகிறது. குடும்பமாகவோ நண்பர் குழுவாகவோ செல்லுங்கள். பிருந்தாவனக் குறுகிய சந்துகளில் நெரிசல் கூடுவதைக் கண்டால் உடனே விலகிவிடுங்கள். கோயில் மண்டபங்களில் அமர்ந்து பாட்டுக் கேட்கும் ஹோலி எல்லாருக்கும் பாதுகாப்பானது, என் பார்வையில் கூடுதல் அழகானதும்கூட.

அந்தப் பாடல்களைப் பற்றிச் சொல்ல முடியுமா?

விரஜபூமியின் ஹோலியைக் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பர்சானாவிலும் நந்த்காவிலும் தடி எடுப்பதற்கு முன்பு, இரு ஊர்க் கோஸ்வாமிகளும் (கோயில் பூசைக் குடும்பத்தார்) கோயில் முற்றத்தில் எதிரெதிரே வரிசையாக அமர்ந்து பாடுகிறார்கள். சமாஜ் காயன் என்று இதற்குப் பெயர். ஒருவர் ஓர் அடியை எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாட, பக்கவாஜ் என்ற மத்தளமும் தாளமும் மெதுவாகத் தொடங்கி, சுற்றுச் சுற்றாக வேகம் ஏறி, உச்சத்தில் எல்லாரும் முழங்காலில் எழுந்து கைகளை நீட்டிக் கேலி செய்யும் நிலைக்கு வந்துவிடும். பெண் வீட்டார் மாப்பிள்ளையின் கறுப்பு நிறத்தையும் வெண்ணெய் திருடிய வரலாற்றையும் இழுக்க, மாப்பிள்ளை வீட்டார் பதிலுக்குப் பாட, நம் கல்யாண வீடுகளில் சம்பந்திகள் பாடிக்கொண்ட ஏசல் பாட்டுதான் நினைவுக்கு வரும். பாடலின் மொழி விரஜ பாஷை.

இந்த விழா இந்துஸ்தானி இசைக்குத் தந்த கொடை பெரியது. துருபத் என்ற பழைய பாணியின் பாடகர்கள் பாடும் தமார் என்ற வகை, பதினான்கு மாத்திரை கொண்ட அதே பெயருடைய தாளத்தில் அமைந்து, பெரும்பாலும் கண்ணனின் ஹோலியையே பாடுகிறது. தும்ரி என்ற மெல்லிய பாணியைச் சார்ந்த, ஹோரி எனப்படும் ஹோலிப் பாடல்களுக்குக் காஃபி மிகவும் பிடித்த ராகம். அதன் சுர அமைப்பு நம் கரகரப்பிரியாவை ஒத்தது என்பதால் தமிழ்க் காதுகளுக்கு அந்நியமாக ஒலிக்காது. கடைசி முகலாயப் பேரரசர் பகதூர் ஷா ஜாஃபர் பெயரில் வழங்கும் ஹோரிப் பாடல் இன்றும் மேடைகளில் பாடப்படுகிறது. முகலாய ஓவியங்களிலும், ராஜஸ்தான், காங்ரா ஓவியங்களிலும் அரண்மனை முற்றத்து ஹோலிக் காட்சிகள் நிறைய உண்டு.

ஹோலி எவ்வளவு பழமையானது?

ஏழாம் நூற்றாண்டில் அரசர் ஹர்ஷர் இயற்றியதாக வழங்கும் ரத்னாவளி நாடகத்தின் முதல் அங்கத்திலேயே, நகர மக்கள் மதன விழாவில் செம்பொடி தூவிக் குழல்களால் நீரைப் பீய்ச்சி விளையாடும் காட்சி வருகிறது. தெய்வம் மன்மதன், விளையாட்டு இன்று நாம் காண்பதே. தமிழிலும் வைகைப் புனலாட்டைப் பாடும் பரிபாடலில் சிவிறி என்ற நீர்பீச்சும் கருவி வருகிறது. பீச்சாங்குழலுக்கு அப்படியோர் அழகிய பழஞ்சொல் நம்மிடம் இருந்திருக்கிறது. கண்ணன் பிறந்த மகிழ்ச்சியில் ஆயர்கள் எண்ணெயையும் சுண்ணப்பொடியையும் எதிரெதிரே தூவ, முற்றமெல்லாம் கலந்து சேறானது என்று பெரியாழ்வார் பாடுகிறார். அது ஹோலி அன்று. ஆயினும் மகிழ்ச்சி பொங்கும்போது பொடியை அள்ளி வீசத் தோன்றும் மனம் தெற்கிலும் வடக்கிலும் ஒன்றாகவே இருந்திருக்கிறது.

பிருந்தாவனத்து விதவைகள் ஹோலி ஆடியது ஏன் செய்தியானது?

கணவனை இழந்த பெண்கள், குறிப்பாக வங்காளத்திலிருந்து, பல தலைமுறைகளாகப் பிருந்தாவனத்துக்கு வந்து ஆசிரமங்களில் பஜனை பாடி வாழ்கிறார்கள். பலர் குடும்பத்தால் கைவிடப்பட்டவர்கள். வெள்ளைச் சேலையைத் தவிர வேறு நிறம் அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. வண்ண விழாவின் தலைநகரில் வாழ்ந்துகொண்டே, ஆண்டுதோறும் அந்த நாளில் கதவை மூடிக்கொண்டு உள்ளே இருந்தார்கள். 2013இல் சுலப் இன்டர்நேஷனல் அமைப்பு ஆசிரமத்துக்குள் அவர்களுக்காக ஹோலி ஏற்பாடு செய்தது. 2016இல் அதே பெண்கள் பழமையான கோபிநாதர் கோயிலுக்குள்ளேயே வண்ணம் ஆடினார்கள். கூடை கூடையாகக் கொட்டிய பூவிதழ்களுக்கு நடுவே, எழுபது எண்பது வயதுப் பாட்டிகள் வெள்ளைச் சேலையில் சிவப்பும் மஞ்சளும் படரப் படர ஆடிய படங்களைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பூவையும் பொட்டையும் பறிக்கும் வழக்கம் நம்மிடமும் இருந்தது, பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. நாற்பது நாளில் எனக்கு மிகவும் பிடித்த ஹோலி எது என்றால் இதைத்தான் சொல்வேன்.

இந்தியாவின் பிற பகுதிகளில் எப்படிக் கொண்டாடுகிறார்கள்?

வங்காளத்தில் ராதா கிருஷ்ணரை ஊஞ்சலில் வைத்து ஆட்டும் ‘தோல்’ (ஊஞ்சல்) பூர்ணிமா. 1486இல் நவத்வீபத்தில் கிருஷ்ண பக்தரான வைணவ மகான் சைதன்யர் பிறந்ததும் இதே பௌர்ணமியில் என்பதால் அவர்களுக்கு அது இரட்டை விழா. சாந்திநிகேதனில் தாகூர் தொடங்கிவைத்த வசந்த உற்சவத்தில் மஞ்சள் ஆடை உடுத்திப் பாடி ஆடுவார்கள். குமாவோன் மலைப் பகுதியில் குளிர் நடுவிலேயே வீட்டுக்கூடங்களில் அமர்ந்து ராகம் ராகமாக ஹோலி பாடத் தொடங்கிவிடுகிறார்கள். மணிப்பூரில் யாவ்ஷாங் என்ற பெயரில் ஐந்து நாட்கள் நடக்கும் விழாவில், நிலா வெளிச்சத்தில் கைகோத்து ஆடும் தாபல் சோங்பா நடனமும் விளையாட்டுப் போட்டிகளும் இடம்பெறும். மகாராட்டிரத்தில் ஐந்து நாள் கழித்து வரும் ரங்கபஞ்சமியன்றுதான் வண்ணம். நெருப்பு மூட்டும் நாளில் பூரண் போளி. சென்னையில் சௌகார்பேட்டைத் தெருக்களுக்குப் போனால் மார்வாடி, குஜராத்திக் குடும்பங்களின் ஹோலியைக் காணலாம்.

ஹோலிக்கு என்ன பலகாரம் செய்வார்கள்?

குஜியா. நம் சோமாசிக்கு உடன்பிறப்பு என்று சொல்லிவிடலாம். மைதா உறைக்குள் ரவைக்கும் தேங்காய்க்கும் மாறாக, வறுத்த கோவாவும் முந்திரி, திராட்சையும் வைத்து, விளிம்பைப் பின்னல் போல மடித்து நெய்யில் பொரிப்பார்கள். குடிக்கத் தண்டாய்: பாதாம், கசகசா, சோம்பு, மிளகு, ஏலக்காய், முலாம்பழ விதை, ரோஜா இதழ் ஆகியவற்றை ஊறவைத்து அரைத்துக் குளிர்ந்த பாலில் கலந்தது. மிளகின் காரம் தொண்டையில் கடைசியாகத்தான் தெரியும். கஞ்சா இலையை அரைத்துச் செய்யும் பாங் சேர்த்த தண்டாயும் அதே தெருவில் கிடைக்கும். ஏமாறாமல் கேட்டு வாங்குங்கள். அதன் மயக்கம் மெதுவாக ஏறுவதால், ஒன்றும் ஆகவில்லையே என்று இரண்டாவது குவளை குடித்தவர்கள் அவதிப்படுகிறார்கள்.

துலேண்டி முடிந்ததும் விரஜபூமியை விட்டுக் கிளம்பிவிடலாமா?

இன்னும் சில நாட்கள் தங்க முடிந்தால் தங்குங்கள். மறுநாள் பல்தேவ் என்ற ஊரிலுள்ள தாவூஜி கோயிலில், கண்ணனின் அண்ணன் பலராமர் முன்னிலையில் ஹுரங்கா நடக்கிறது. பெண்கள் ஆண்களின் சட்டையைக் கிழித்து, முறுக்கி நனைத்த அதே துணியால் அவர்களை விளாசுவார்கள். முக்ராய் என்ற சிற்றூரில் நூற்றெட்டு விளக்குகள் எரியும் மரச்சக்கர அடுக்கைத் தலையில் ஏந்திப் பெண் ஆடும் சர்குலா நடனத்தையும் அந்த நாட்களில் காணலாம்.

பிறகு பிருந்தாவனத்திலுள்ள ரங்கஜி கோயிலுக்குச் செல்லுங்கள். 1851இல் கட்டி முடிக்கப்பட்ட இக்கோயிலில், வடக்கத்திய ஊரின் நடுவே நம் பாணிக் கோபுரங்களும் திருக்குளமும் திடீரென்று எதிர்ப்படும். கருவறையில் இருப்பவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளும் ரங்கமன்னாரும். ஹோலியின் ஈரம் காய்ந்த சில நாட்களில் இங்கே பிரம்மோற்சவம் தொடங்கி, உயரமான மரத்தேர் வீதிக்கு வருகிறது. சுவரிலும் தரையிலும் குலாலின் சிவப்பு இன்னும் மங்காத அந்தத் தெருவில், காலையில் தமிழ்ப் பாசுரம் ஓதும் குரல் கேட்கும்.